மகள் பெயரில் நான் போட்ட கணக்குகள்

தினமும் காலைத் தேநீர் இடைவேளையில் என் கைப்பேசி என்னை 'நிவேதா' என்று கூப்பிடுகிறது. எனக்கு நாற்பத்திரண்டு வயது, பாதி வழுக்கை. மலேசியாவில், பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு துணி ஆலையின் சாயப் பிரிவில் வேலை. திரையில் ஒரு பச்சைக்கிளி இறக்கையை அடித்துக்கொண்டு, "வணக்கம் நிவேதா! இன்றைய கணக்குக்குத் தயாரா?" என்று கேட்கும். நீலக்கறை படிந்த விரலால் தயார் என்று அழுத்துவேன். இங்கே பத்து மணி என்றால் ஊரில் ஏழரை. உண்மையான நிவேதா, ஏழாவது படிக்கும் என் மகள், அந்நேரம் அறந்தாங்கிப் பக்கத்தில் எங்கள் வீட்டில் பள்ளி வேனுக்காகத் தலை பின்னிக்கொண்டிருப்பாள். வெளிநாட்டில் இருக்கும் அப்பன்மாருக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஊரில் இருப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

போன ஆண்டு அவள் பள்ளியில் கணக்குக்கு ஒரு செயலியைக் கொண்டுவந்தார்கள். தினம் இருபது கணக்கு. சரியாகப் போட்டால் அடுத்ததைக் கடினமாகத் தரும். தப்பாகப் போட்டால் இறங்கிவந்து எளிதாகத் தரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தக்கபடி வளைந்து கொடுக்கும் பாடம் என்று பெற்றோர் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார்களாம். ஒரு நாள் விட்டால் கிளி சோர்ந்து படுத்துவிடும். இங்கே கேண்டீனில் வைஃபை கொட்டுகிறது. எங்கள் ஊரிலோ தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே போய் நின்றால்தான் சிக்னல் ஒரு கோடு ஏறும். ஐப்பசி மழையில் அதுவும் போனது. "அப்பா, இன்னிக்கி ஒரு நாள் மட்டும் நீங்க போட்டுருங்கப்பா, கிளி படுத்துரும்" என்று போனில் அழுதாள். அவள் கடவுச்சொல்லை வாங்கி என் கைப்பேசியில் நுழைந்தேன். போட்டேன். மழை ஒரு வாரத்தில் விட்டது. நான் விடவில்லை.

கணிதத்தில் பட்டம் வாங்கியவன் நான். வாத்தியார் வேலைக்கு அலைந்து, கிடைக்காமல், சாயத் தொட்டிக்கு வந்து சேர்ந்தவன். இயந்திரம் நின்றால் கூப்பிடுவார்களே தவிர, இங்கே யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்பதில்லை. அந்தக் கிளிதான் கேட்டது. மகளுக்குப் பக்கத்திலிருந்து எதுவும் செய்ய முடியாதவனுக்கு, இதையாவது செய்கிறோமே என்று ஒரு நிம்மதி வேறு. ஒருநாள் காலையில், "அப்பா, இப்ப வர்ற கணக்கு ஒன்னும் புரியலப்பா" என்றாள். "வேனுக்கு நேரமாச்சு, நீ கெளம்பு. நான் போட்டுர்றேன்" என்றேன். கணக்கு படித்தவனுக்கு அந்த இடத்தில் மூளை எங்கே போனது என்று தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் விடுப்பில் போயிருந்தபோது, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் முதுகில் விரலால் கணக்கு எழுதுவாள். வண்டியை ஓட்டிக்கொண்டே நான் விடை சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் முதுகில் ஒரு குத்து. அந்தச் சிரிப்புக்காகவே பலமுறை வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். அப்போது அவளுக்குக் கணக்கு வந்தது.

எங்கள் பிரிவுக்கு லீடர் சரோ அக்கா, பொந்தியான் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் என் திரையில் நிவேதா பெயரோடு வாணவேடிக்கை வெடிப்பதைப் பார்த்துவிட்டார். "அலமாக்! உங்க மக எட்டாம் வகுப்புக் கணக்கே போடுதா? கெட்டிக்காரப் பிள்ளை லா தம்பி!" என்று கேண்டீன் முழுக்கச் சொல்லி, எனக்குச் சூடாக ஒரு கரிபாப், நம்மூர் பஃப் மாதிரி, வாங்கித் தந்தார். நான் திருத்தவில்லை. வெட்கமில்லாமல் அதைத் தின்றேன்.

பொங்கல் கழிந்து, தேர்வு மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, செயலி காட்டிய தரத்தை வைத்தே பிள்ளைகளைப் பிரித்தார்கள். நிவேதாவுக்கு முதல் பிரிவு. என் மனைவி தெருவெல்லாம் சொன்னாள். இரண்டு வாரத்தில் டீச்சர் அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, முந்தின நாள் அவள் பெயரில் சரியாகப் போட்டிருந்த கணக்கைப் போடச் சொல்லியிருக்கிறார். சாக்பீஸோடு நின்றிருக்கிறாள். யாரைப் பார்த்துப் போட்டாய் என்று கேட்டதற்கு, "நான்தான் மிஸ், கைடு பார்த்துப் போட்டேன்" என்றாளாம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்குப் பெயர் 'காப்பி'. மனைவி சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். உடனே கூப்பிட்டேன்.

"எனக்குக் கணக்கு வராதுப்பா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

"வரும்மா. எவ்வளவு நல்லாப் போடுவ நீ."

"அது நீங்கப்பா."

டீச்சருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நெறைய வீட்ல இதான் சார் நடக்குது. ஆனா லெவல நாங்க எறக்க முடியாது, தப்புத் தப்பா போட்டா ஆப்பே எறக்கிரும். பாப்பாவத் தினம் போடச் சொல்லுங்க" என்றார். பாப்பா போடவில்லை. செயலியைத் தொடவே மாட்டேன் என்கிறாள், கணக்குப் புத்தகத்தையும்.

அதனால் நான் இறக்கிக்கொண்டிருக்கிறேன். தினம் இருபது கணக்கையும் தப்பாகப் போடுகிறேன். சரியான விடை கண் முன்னால் நிற்கும். அதைத் தாண்டிப் போய் வேறொன்றைத் தொடுவேன். "தம்பி, டிகிரி படிச்சவங்கதானே நீங்க? இது எனக்கே தெரியுதே லா" என்று சரோ அக்கா உதவிக்கு விரலை நீட்டினார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எட்டாம் வகுப்பு ஏழாகி, ஆறாகி, நேற்று ஐந்தாம் வகுப்புப் பின்னங்களுக்கு வந்துவிட்டேன். அவளை எந்தக் கணக்கில் விட்டேன் என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்தாலும் அங்கே அவள் இருக்கப் போவதில்லை.

இன்றும் இருபதும் தப்பு. கிளி இறக்கையை மடக்கிக்கொண்டு சொன்னது: "பரவாயில்லை நிவேதா. பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ இருந்தால் கேட்டுப் பார்." கீழே இரண்டு பொத்தான்கள்: 'கேட்கிறேன்', 'யாரும் இல்லை.' ஊரில் வேன் வந்திருக்கும். இங்கே இடைவேளை முடிந்து மணி அடித்தது. இரண்டாவதைத் தொட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.