தொண்ணூற்று நான்கு கிணறுகளின் விலாசம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளரிடமிருந்து அந்தக் கடிதம் வந்தபோது நான் பயந்துபோனேன். மரியாதையான கடிதம்தான். யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் பற்றி நான் எழுதிய கட்டுரையை வாசித்தாராம். நான் கணினியில் ஓட்டிய கணித மாதிரியைத் தானும் ஓட்டிப் பார்க்க விரும்புகிறாராம். குடாநாட்டைப் பெரிய பெரிய சதுரங்களாகப் பிரித்திருக்கிறேன், அவற்றைச் சிறிதாக்கினால் நல்ல தண்ணீர் எத்தனை வருடம் தாங்கும் என்ற என் முடிவே மாறிவிடலாம் என்பது அவருடைய சந்தேகம். நியாயமான சந்தேகம். ஆகவே நிரலையும் மூலத் தரவையும் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

நிரலை அன்றைக்கே ஒரு பிளொப்பியில் பதிந்து தபாலில் போட்டேன். நிரலை ஒளித்து வைத்துப் பெரிய ஆளாகும் ஆசை எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. மூலத் தரவுதான் சிக்கல்.

அந்தத் தரவு நான் சேர்த்தது அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், இரண்டு வருடம் சைக்கிளில் அலைந்து தொண்ணூற்று நான்கு கிணறுகளில் மாதாமாதம் நீர்மட்டமும் உப்பும் அளந்தார். குண்டு விழுந்த கிழமைகளிலும் அளந்திருக்கிறார். எல்லாம் இரண்டு தடித்த சீ.ஆர். கொப்பிகளில் இருந்தன. ஒன்றில் கிணற்று இலக்கமும் அளவுகளும். மற்றதில் எந்த இலக்கம் எந்தக் கிணறு என்ற விபரம்: ஊர், ஒழுங்கை, வீட்டுக்காரர், சந்தியிலிருந்து எத்தனை கவடு நடை, கூடவே கையால் கீறிய படங்கள். அவரே கொழும்புக்குக் கொண்டுவந்து வெள்ளவத்தையில் என் கையில் தந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அளவுகளை நான் வேலை செய்த கம்பஸின் கணினியில் அடித்து வைத்தேன். இடங்களைக் கடதாசியில் சதுரம் சதுரமாகச் சேர்த்து, சதுரத்துக்கு ஒரு சராசரி எடுத்து, அதை மட்டும் நிரலுக்குக் கொடுத்தேன். அந்தக் கணினிக்கு அதற்கு மேல் தாங்காது. கிணறுகளின் இடங்களைப் பிறகு ஆறுதலாக அடிக்கலாம் என்று விட்டேன். என் சோம்பலுக்கு நான் வைத்த பெயர் ஆறுதல்.

பிறகு ஒரு காலை ஆமிக்காரர் எங்கள் மாடிவீடுகளைச் சுற்றி வளைத்தார்கள். கீழ் வீட்டில் ஒரு படவரைஞர் இருந்தார். அவருடைய சுவரில் யாரோ கட்டப்போகும் வீட்டின் பிளான் ஒட்டியிருந்தது. அதைக் கழற்றிச் சுருட்டி, அவரையே தூக்க வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். மிச்ச வீடுகளுக்கு மத்தியானம் வருவோம் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டு அறையும் குசினியும் கொண்ட வீட்டின் பிளானுக்கே இந்தக் கதி. ஆயுதம் தாங்கிய இயக்கம் இருக்கிற ஊரின் ஒழுங்கைகளைக் கவடு கவடாகக் கீறிய கொப்பிக்கு என்ன நடக்கும்? குசினியில் அலுமினியச் சட்டிக்குள் ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டு எரித்தேன். சதுரம் கீறிய கடதாசிகளையும் போட்டேன். சாம்பலைக் கரைத்து ஊற்றிவிட்டு, சட்டியை மினுக்கி வைத்துவிட்டு, கதவைப் பார்த்தபடி இருந்தேன். மத்தியானம் ஒருவரும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

கடிதம் மேசையில் கிடந்த நாட்களில்தான் கிணறுகளை அளந்தவர் வந்தார். மனைவியின் சத்திரசிகிச்சைக்காகப் பயணப் பாஸ் எடுத்து வந்து, பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்தார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஆள் பாதியாகியிருந்தார்.

“கொப்பியளிலை நான் எடுத்து வைச்ச பிரதி வீட்டோட போட்டுது,” என்றார். “பரவாயில்லை தங்கச்சி, உங்களிட்டைப் பத்திரமா இருக்கு எண்டு மனுசிக்குச் சொன்னனான்.”

நான் மறைக்கவில்லை. “படம் கீறின கொப்பியை எரிச்சுப்போட்டன் அண்ணை. செக்கிங்குக்குப் பயந்து.”

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“ஒரு தாள் எடுங்கோ. நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ.”

கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். “ஒண்டு, பள்ளிக்கூடக் கிணறு. ரெண்டு, தபால்காரர் வீடு. அங்கை வாளி இல்லை, நான்தான் கொண்டுபோறனான். மூண்டு, அதுக்குப் பின் வளவு. அவையள் இப்ப இல்லை.” முப்பத்தொன்று வரை தடங்கலில்லாமல் வந்தது. பிறகு ஒன்றைச் சொல்லி வெட்டச் சொன்னார், இன்னொன்றைச் சொல்லி அதையும் வெட்டச் சொன்னார். அடுத்த நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து மேலும் இரண்டு சொன்னார். போகும்போது படிக்கட்டில் நின்று அதில் ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

“காணும் தங்கச்சி. பிழையாச் சொல்லுறதிலும் பார்க்கச் சொல்லாமல் விடுறது நல்லம்.”

முப்பத்திரண்டு கிணறுகள். மற்ற அறுபத்திரண்டும் எந்த ஊரில், எந்த ஒழுங்கையில் என்று தெரியாத வெறும் இலக்கங்கள். என் முடிவு சரியா பிழையா என்று இனி நானும் சொல்ல முடியாது, கடிதம் எழுதியவரும் சொல்ல முடியாது. அண்ணையின் இரண்டு வருடத்தை நான் ஒரு காலையில் முடித்துவிட்டேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் ஊர் திரும்புவதற்கு முதல் நாள், வெளிநாட்டுக்கு எழுதிய பதிலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மிச்ச இடங்களை நானே எரித்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன்.

“எரிச்சதெண்டு எழுதாதேங்கோ, துலைஞ்சதெண்டு எழுதுங்கோ,” என்றார். “உங்களிலை பிழை இல்லை. நானெண்டாலும் எரிச்சிருப்பன்.”

அப்போதுதான், அத்தனை காலமும் கேட்காத கேள்வியைக் கேட்டேன். “நீங்கள் அதை எப்படி அண்ணை கொண்டு வந்தனீங்கள்? வழியிலை செக்கிங்கிலை பிடிக்கேல்லையோ?”

“பிடிச்சவங்கள். கிணத்துத் தண்ணி அளந்த கொப்பி எண்டு சொன்னன், நம்பேல்லை. ரெண்டு நாள் வைச்சிருந்து அடிச்சவங்கள். நான் திருப்பித் திருப்பி அதைத்தான் சொன்னன். வேறை என்னத்தைச் சொல்லுறது? பிறகு கொப்பியளைத் தந்து போகச் சொன்னவங்கள்.”

அன்று என் வாசலில் நின்று அந்தக் கொப்பிகளை நீட்டியபோது, இரண்டு நாள் பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம் என்று மட்டும்தான் அவர் சொல்லியிருந்தார்.