சட்டைப் பையில் அடங்கின கேமரா

எங்கள் கல்யாணத்துக்குப் போட்டோ கிடையாது. மாப்பிள்ளையே போட்டோக்காரர், அவர் கல்யாணத்துக்கே போட்டோ இல்லையா என்று செங்கல்பட்டில் கேட்காதவர்கள் பாக்கியில்லை. சின்ன வயதில் அம்மை போட்டு எனக்கு முகம் முழுக்கத் தழும்பு. வேண்டவே வேண்டாம் என்று அழுதவள் நான்தான். "உன் மூஞ்சிக்கு நேரா கேமராவத் திருப்ப மாட்டேன், போதுமா?" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்மேல் உயிராக இருந்தேன்.

முன்பக்கம் ஸ்டுடியோ, பின்பக்கம் வீடு. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். கை நிதானமானது என்று எனக்கு டச்சிங் வேலையைக் கற்றுக்கொடுத்தார். நெகட்டிவ்வை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, கூராகச் சீவின பென்சிலால் பரு, தழும்பு எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக மூடிக்கொண்டு வரவேண்டும். எத்தனையோ கல்யாணப் பெண்களுக்கு அப்படி முகம் துடைத்துவிட்டிருக்கிறேன். அவர்கள் யாரும் என்னைப் பார்த்ததில்லை. எனக்கும் அதுதான் சௌகரியம்.

முகூர்த்தம் இல்லாத நாட்களில் அவருக்கு மாமல்லபுரத்துக் கல்லே கதி. எந்தப் பாறையில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஓர் ஆடி மாதம் கடற்காற்று பெரிய கேமராவை ஸ்டாண்டோடு சாய்த்துவிட்டது. லென்ஸைத் தாங்குகிற தோல் மடிப்பு கிழிந்து, அன்றைய வெயில் பூராவும் வீண். இனிமேல் கூடவே இன்னொரு கேமரா இருக்கவேண்டும், அதுவும் சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி ஒல்லியாக, என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டார்.

கப்பல் சாமான் விற்கிற பாய் ஒருவர் இரண்டு மடக்குக் கேமராக்களைக் கொண்டுவந்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம்.

"இன்னாமே, ரெண்டுல எது வாங்கலாம்?" என்று என் வீட்டுக்காரர் அவற்றை உள்ளே நீட்டினார். என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"பெருசையே வாங்குங்க. நெகட்டிவ்வு பிஸ்கட்டாட்டம் வருது. சின்னதுல தபால்தலை அளவுதான். அதுல மூஞ்சி கடுகத்தனை கீது. நான் எங்க பென்சில் வெக்கிறது?"

"கல்லுக்கு இன்னாத்துக்குமே டச்சிங்கு? கல்லுக்கும் பரு வருதா?"

பாய் வெளியிலிருந்து சிரித்தார். "தங்கச்சி சொல்றது ஞாயம்தான் அண்ணாத்த. ஆனா பெருசு பாக்கெட்ல உக்காராது. பாக்கெட்டு கிழிஞ்சா தங்கச்சிதான் தெச்சிக்கினு கெடக்கணும்."

என் வீட்டுக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிச் சட்டைப் பையில் போட்டு என் எதிரே நின்றார். "தெரியுதா? இப்ப தெரியுதா?" பெரியது முட்டிக்கொண்டு நின்றது. ஒல்லியானது உள்ளே போனதே தெரியவில்லை.

"தெரியல" என்றேன். அதையே வாங்கினார்.

கொஞ்ச நாள் கழித்து என்னையும் மாமல்லபுரம் கூட்டிப்போனார். பெரிய கேமரா எங்கே என்றேன். "இன்னிக்கு வேலை இல்லமே, சும்மா வா" என்றார். பாதி செதுக்கி விட்டுவிட்டுப் போன ஒரு பாறையில் சாய்ந்துகொண்டு சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். எங்கிருந்தோ வந்த ஓர் ஆடு அவர் கைப் பொட்டலத்தை அப்படியே பிடுங்கிக்கொண்டு ஓடியது. காற்றில் முக்காடு போனதுகூடத் தெரியாமல் வாய்விட்டுச் சிரித்தேன். மூக்குப்பொடி டப்பா மூடின மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவருக்குப் பொடி போடுகிற பழக்கம் இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நாலு நாள் கழித்துப் பூக்கார அம்மாதான் வந்து சொன்னாள். "இன்னாம்மா, உம் மூஞ்சிய கடைக் கண்ணாடியில மாட்டிக்கினு கீறாரு உம் புருஷன்! பஜாரே நின்னு பாக்குது."

தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்பக்கம் போனேன். ஆமாம், நான்தான். பல் தெரியச் சிரிக்கிறேன். பக்கத்திலிருந்து விழுந்த வெயிலில் பாறையின் உளிப் பள்ளமும் என் கன்னத்துப் பள்ளமும் ஒரே மாதிரி எடுப்பாக இருந்தன. நல்ல படம். எத்தனை முகம் பார்த்த கண் இது, அது தெரியாமல் போகுமா? ஆனால் அங்கே நின்ற நாலு பேரும் படத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நேரா திருப்ப மாட்டேன்னீங்களே" என்றேன் உள்ளே வந்து.

"நேரா எங்க திருப்பினேன்? பக்கவாட்டுலதான" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எவ்ளோ அழகா கீது பாரு. பெரிய நெகட்டிவ்வா இருந்தா பென்சிலால மூடிப்புடுவ. அதுக்குத்தான் சின்னது வாங்கினேன்."

அழகு என்று அவர் சொன்னது என் காதில் விழவில்லை. பையில் போட்டுப் போட்டுக் காட்டினாரே, அதுதான் கண்முன் நின்றது. தெரியல என்று சொல்லிக்கொடுத்தது என் வாய்தானே.

மறுநாள் கடைக் கண்ணாடியிலிருந்து படத்தைக் கழற்றிவிட்டார். நான் கொடியில் கிடந்த அவர் சட்டைகளை எல்லாம் எடுத்துவந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றின் பைவாயையும் தைத்தேன். டச்சிங் செய்கிற அதே நிதானம். நூல் கண்ணுக்குத் தெரியாது.

காலையில் அவர் சட்டை போட்டுக்கொண்டு கேமராவைப் பையில் விட்டார். போகவில்லை. விரலால் துழாவினார். இன்னொரு தரம் விட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரியுதா?" என்றேன்.

எல்லோர் கண்ணிலும் படும்படி கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார்.