லேபிளில் எழுதிய ஏழு

பாக்டீரியாக்களுக்குச் சமைத்துப் போடுகிறவர் என்று ஆய்வுக்கூடத்தில் அவரைக் கேலி செய்வார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். உப்புகளை நிறுத்து, கரைத்து, கிருமி போக வேகவைத்து, பாட்டில் பாட்டிலாக அடுக்குவது அவருக்கு இருபது வருடத் தொழில்.

முனைவர் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி மட்டும் கேலி செய்யாமல் அண்ணா என்று கூப்பிடுவாள். அவள் வளர்த்த மண் பாக்டீரியா சர்க்கரையில் செழித்தது. வெறும் புளிப்பைக் கொடுத்தால் அதிலுள்ள கார்பனை எடுத்து உடம்பு வளர்க்குமா என்பதுதான் அவள் கேள்வி. ஆப்பிளுக்குப் புளிப்புத் தரும் மாலிக் அமிலத்தை உள்ளே இழுக்க, பாக்டீரியாவின் தோலில் தனி வாசல் வேண்டும். அது இல்லாவிட்டால் பட்டினிதான்.

வழக்கத்தைவிட இரண்டு பங்கு அமிலம் போட்டு ஒரு பெரிய பாட்டில் கேட்டாள். புளிப்பை அளக்கும் மீட்டர் அந்த வாரம் பழுது. எவ்வளவு காரக் கரைசல் விட்டால் புளிப்பு அடங்கி நடுநிலையான ஏழுக்கு வரும் என்று தன் கைக்கே தெரியும் என்ற நினைப்பு அவருக்கு. பழைய அளவிலேயே ஊற்றி, லேபிளில் ஏழு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பாட்டில் நீரில் பாக்டீரியாவை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். பாக்டீரியா வளர்ந்தால் நீர் கலங்கும்; மூன்று முறையும் அது தெளிவாகவே நின்றது. வாசல் இல்லை என்று முடிவானது. அவளுடைய பேராசிரியர் அந்த ஆய்வுத் தலைப்பை மூடச் சொன்னார். இன்னொன்றை முதலிலிருந்து தொடங்க அவளுக்குத் தெம்பில்லை; பட்டத்தையே விட்டுவிட்டுப் போக முடிவு செய்தாள்.

அவள் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு மீட்டர் திரும்பி வந்தது. மிச்சமிருந்த பாட்டிலை ஏனோ அளந்தார். நாலு காட்டியது. அந்தப் புளிப்பில் எது வளரும்? பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நாளைக் கடத்தினார். அவள் விடைபெற வந்தபோதும் அதைச் சொல்லாமல், நல்லபடியாகப் போய்வரச் சொன்னார்.

ஆறு வருடம் கழித்து, அதே பாக்டீரியாவை மாலிக் அமிலத்தில் வளர்த்த வேறொருவர் தன் ஆய்வுக் கட்டுரையை ஆய்வுக்கூடத்தில் விளக்கினார். வாசல் இருந்திருக்கிறது. எல்லாரும் கைதட்ட, அன்று லேபிளில் ஏழு எழுதியவருக்குக் கை எழவில்லை. மதியமே அவள் எண்ணைத் தேடிப் பிடித்தார். பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தாள். அவர் நடந்ததையெல்லாம் போனில் சொல்ல, குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள்.

"நானும் ஒரு தடவை அளந்து பாத்திருக்கணும். நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"தப்பு யாருக்கும் வரும்ண்ணா. ஆனா தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருந்தா, மறுநாளே திரும்பப் போட்டிருப்பேனே. ஏன் சொல்லல?"

பயமா, வெட்கமா, வீம்பா, அவருக்கே தெரியவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது, அந்த ஆய்வுக் கட்டுரையை மட்டும் அனுப்பிவையுங்கள் என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

அன்றே அனுப்பினார். படித்தாளா என்று கேட்க அவருக்கு இன்றுவரை வாய் வரவில்லை.