நேலோ தன் மனைவியை மன்றத்துக்கு இழுத்த கதை

எங்கள் வாய்க்காலுக்குக் காவலனாக இருந்த நேலோவை இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அவன் மண்வெட்டியோடு நடந்த கரைமேல் இப்போது பஸ் ஓடுகிறது. என் அவரைத் தோட்டம் இருந்த இடத்தில் மாடி மாடியாக வீடுகள். அதில் ஒன்றில்தான் நானும் குடியிருக்கிறேன், என் நிலத்துக்கு மேலேயே தொங்கிக்கொண்டு. வாலென்சியா நகரம் வளர்ந்துவிட்டதாம். வளரட்டும். எனக்கு அந்தச் சேற்று வாசனைதான் வேண்டியிருக்கிறது.

நேலோவுக்குப் பொய் வராது. இது புகழ்ச்சி அல்ல, குறை. எங்கள் ட்ரூக் சீட்டாட்டத்தில் கையில் ஒன்றும் இல்லாதபோதுதான் மீசையை முறுக்க வேண்டும். அவனோ நல்ல சீட்டு வந்தால் சிரிப்பான், கெட்ட சீட்டு வந்தால் பெருமூச்சு விடுவான். அவனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு நான் பந்தயத்தில் தோற்ற காப்பிக்குக் கணக்கே இல்லை.

அந்த வருஷம் துரியா ஆற்றில் கோடையில் தண்ணீர் முழங்கால் அளவுக்குக்கூட இல்லை. முறைத்தண்ணீர்தான். உன் முறை வரும்போது உன் மடையைத் திறக்க வேண்டும். தவறவிட்டால், அடுத்த சுற்று வரும்வரை வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். நேலோ வீட்டு முறை வந்த அன்று மேலே கரை உடைந்துவிட்டது. அவன் இடுப்பளவு சேற்றில் நின்று அடைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஃபினா, ‘பட்டினியாகக் கிடப்பானே’ என்று ரொட்டியை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினாள். திரும்பி வருவதற்குள் முறை போய்விட்டது. வெங்காயம் காய்ந்து நின்றது.

மறுநாள் என் முறை. பாதிப் பாய்ச்சலில் தண்ணீர் இளைத்தது. மேலே போய்ப் பார்த்தால், ஃபினாவின் மடை திறந்திருக்கிறது. நான் வாயைத் திறக்குமுன் கரைமேல் நேலோ வந்து நின்றான்.

“விட்ரு நேலோ. அவரைச் செடிதானே, பொழச்சுக்கும். நானே ஒண்ணும் சொல்லலையே,” என்றேன்.

“உன் தண்ணி மட்டும்னா விட்ருவேன் சென்டோ. முறை எல்லாரோடதும்ல.”

“ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாதுடா!”

“எனக்குத் தெரியுமே.”

ஃபினா வெங்காயப் பாத்தியில் நின்றபடியே கத்தினாள். “போய்யா, போய் மன்றத்துல சொல்லு! கட்டினவளக் காட்டிக்குடுத்த மொத ஆம்பளன்னு கோயில் வாசல்ல உனக்குச் சிலை வைப்பாங்க!”

தண்ணீர் வழக்குகளைக் கேட்கும் மன்றம் வியாழன்தோறும் நகரத்துப் பேராலய வாசலில் கூடும். அந்த வியாழக்கிழமை காலை மூவரும் என் வண்டியில்தான் போனோம். வேறு வண்டி இல்லை. வாதி ஒரு பக்கம், குற்றவாளி மறு பக்கம், நடுவில் பறிகொடுத்தவன் நான். ஃபினாவின் மடியில் ஒரு துணி மூட்டை இருந்தது.

“சென்டோ, அவருகிட்ட சொல்லு. இன்னிக்கு அங்க வாயத் தெறந்தாருன்னா, நான் இப்படியே எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப மாட்டேன்.”

“காது கேக்குது ஃபினா,” என்றான் நேலோ. அவன் முகம் கெட்ட சீட்டு வந்த முகமாக இருந்தது. ஃபினா சொன்னதைச் செய்கிறவள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பாதி வழியில் அவள் மூட்டையிலிருந்து அவரைக்காய் ஆம்லெட் வைத்த ரொட்டியை எடுத்தாள். மூன்று துண்டாக்கி, பெரிய துண்டை அவனிடம் நீட்டினாள். “கோவம் வேற, பசி வேற. தின்னு.”

பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் மணி பன்னிரண்டு அடித்ததும், வாய்க்காலுக்கு ஒருவராக நடுவர்கள் எட்டுப் பேரும் கறுப்பு மேலங்கியோடு வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் எங்களைப் போல மண் கிளறுகிறவர்கள்தான். வக்கீல் கிடையாது, காகிதம் கிடையாது. எங்கள் வாய்க்கால் சார்பில் உட்கார்ந்திருந்தவர் ஃபினாவின் ஒன்றுவிட்ட அண்ணன். என்ன பிரயோஜனம்? தன் வாய்க்கால் வழக்கில் அவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மன்றத்தில் தலைவர் கையை நீட்ட மாட்டார், காலைத்தான் நீட்டுவார். கால் யார் பக்கம் நீள்கிறதோ அவர் பேசலாம். வெளியூர்க்காரர்கள் இதை அவமரியாதை என்பார்கள். எங்களுக்கு, நாலு பேர் நடுவே நம் பக்கம் அந்தக் கால் நீள்வதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

கால் நேலோ பக்கம் நீண்டது. பார்த்ததைச் சொன்னான்.

“இந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார் தலைவர்.

“சம்சாரங்க.”

கூட்டம் சிரித்தது. “சிரிக்கிறவங்க வந்து இவரோட ஒரு நாள் குடித்தனம் பண்ணிப் பாருங்க!” என்று ஃபினா ஆரம்பித்தாள்.

“நீங்க பேசாதீங்கம்மா. அவர் முடிக்கட்டும். இன்னொரு தடவ குறுக்க பேசினா அதுக்குத் தனி அபராதம்.”

பிறகு கால் அவள் பக்கம் திரும்பியது. “தெறந்தேன். ஆமா, நான்தான் தெறந்தேன். ஏன் தெறந்தேன்னு அவரையே கேளுங்க. ஊர்த் தண்ணிக்கெல்லாம் அவரு காவல். எங்க முறைக்கு யாரு காவல்? அவருக்கு ரொட்டி கொண்டு போனதுலதான் என் முறை போச்சு!”

கால் மறுபடி நேலோவிடம் வந்தது. “உண்மையா?”

“உண்மைதாங்க. கொண்டு வந்தா. முழுசும் நான்தான் தின்னேன். அன்னிக்கு அவ வரலைன்னா அந்தக் கரைய அடைச்சிருக்க மாட்டேன்.” ஃபினாவைத் திரும்பிப் பார்த்தான். “ஆனா மடையத் தெறந்ததும் உண்மைதாங்க.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எட்டுப் பேரில் ஏழு பேர் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். குற்றம் உண்டு, நஷ்டஈடும் செலவும் தர வேண்டும். அவ்வளவுதான். அடுத்த வாய்க்காலின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் வண்டியருகே, ஃபினா கையிலிருந்த மூட்டையைப் பார்த்தபடி நின்றேன். ஃபினா வந்தாள். மூட்டையை முதலில் வண்டியில் எறிந்தாள், பிறகு ஏறினாள். “எங்க அக்காவுக்கு ஆம்லெட் போடவே தெரியாது,” என்றாள். எனக்கு உயிர் வந்தது.

நஷ்டஈட்டை வாங்க மாட்டேன் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “தீர்ப்புன்னா தீர்ப்பு, பிடி,” என்று என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனாள். ஆனால் அவன் செய்தது சரி என்று மட்டும் அவள் சொல்லவில்லை. அதற்குப் பதில் வீட்டில் ஒரு மன்றம் வைத்தாள். சாப்பாட்டு மேஜையில் நேலோ வாயெடுத்தால், “நான் இன்னும் கால நீட்டல,” என்பாள். அவள் செருப்பு அவன் பக்கம் நகரும்வரை அவன் சூப்பைக் கலக்கிக்கொண்டிருப்பான். எத்தனை தடவை நான் அந்த மேஜையில் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்! அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்று?

நேலோ மட்டும் தனியாக இருக்கும்போது என்னைக் கேட்பான். “சென்டோ, அவ மனசுல என்ன இருக்கு? நான் செஞ்சது தப்புன்னுதான் நெனைக்கிறாளா?” தலை நரைத்த பிறகும் கேட்டான்.

கடைசியில் பக்கவாதம் வந்து அவன் பேச்சு போயிற்று. ஒருநாள் பார்க்கப் போனேன். கட்டிலருகே உட்கார்ந்து ஃபினா இருவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள். பழைய வழக்கப்படி செருப்புக் காலை அவன் பக்கம் நீட்டினாள்.

“ம், இப்ப நீ பேசலாம்.”

அவன் அவளையே பார்த்தான். உதடு அசையவில்லை. போர்வைக்குள் அவன் கால் மட்டும் மெல்ல, மிக மெல்ல நகர்ந்து, அவள் பக்கம் திரும்பி நின்றது.

மன்றத்திலேயே குறுக்கிட்டுப் பேசியவள், இப்போது அந்தக் காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நீ செஞ்சது சரிதான்யா,” என்றாள். “போதுமா?”

நான் திரும்பியபோது நேலோ சிரித்துக்கொண்டிருந்தான், நல்ல சீட்டு வந்தவனைப் போல.