எத்தனை அடுப்பு?

கட்டின புருஷனிடமே கேட்கத் தயங்குகிற கேள்வியை ஊரார் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்பதுதான் எங்கள் பிழைப்பு. விவசாயக் குடும்பத்துக்கு என்னதான் மிஞ்சுகிறது என்று தெரிந்தால்தானே அரசாங்கம் திட்டம் போட முடியும்? அதற்காக டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்த சர்வே சொந்தங்களே, எருமப்பட்டிப் பக்கம் ஒரே வீட்டில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

முதல் கேள்வியே வம்பு

ராமசாமி அண்ணன் சின்ன வெங்காயமும் குச்சிக்கிழங்கும் போட்டிருந்தார். உரம், மருந்து, ஆள்கூலி என்று செலவையெல்லாம் மளமளவென்று ஒப்பித்தார். எனக்கு ஒரே குஷி. இப்படி ஒருவர் கிடைக்க நாம் கொடுத்து வைத்திருக்க வேண்டாமா? "சரிங்கண்ணா, வருமானம்?" என்றேன். மனுஷர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது வந்துச்சுன்னா நானே உங்க ஊட்டைத் தேடி வந்து சொல்றேனுங்க அம்மிணி."

குடித்த பாலும் வருமானம்

வீட்டில் குடிக்கிற பாலுக்கும் விலை போட்டு வருமானத்தில் சேர்ப்பது எங்கள் விதி. அவர் மனைவி சரசக்கா சொன்ன அளவைக் கேட்டுத் திகைத்தேன். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். அக்கா மதில் பக்கம் கண்ணைக் காட்டினார். கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் கொழுந்தனார் குடும்பம் அந்தப் பக்கம் தனியாகப் போய்விட்டதாம். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அங்கே சின்னக் குழந்தைகள் இருக்கிறார்களே! அண்ணன் காதில் விழாதவர்போல் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போய்விட்டார்.

"அப்போ இது வித்த பாலா, சும்மா குடுத்ததாங்கக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊட்லதான் குடிச்சோம்னு போடுங்க. அதுவும் நம்ம ஊடுதானுங்களே!"

கடைசியில் அடுப்பு

ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம் என்பது இன்னொரு விதி. ரேஷன் கார்டில் தம்பி குடும்பமும் இன்னும் ஒன்றாகவே இருந்தது. நான் அவர்களைப் பிரித்து எழுதியாக வேண்டும்.

"தம்பியைத் தனிக் குடும்பமாப் போட்டுடட்டுங்களாண்ணா?" என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். அக்கா சமையல்கட்டு வாசலில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பாகப்பிரிவினையே முடிந்ததாகிவிடுமோ என்ற பயம் இரண்டு முகத்திலும் தெரிந்தது. எனக்கே ஏன்தான் இந்த வேலைக்கு வந்தோமோ என்றிருந்தது.

"அடுப்பு ரெண்டுதானுங்க அம்மிணி. அதை மட்டும் பென்சில்ல எழுதிக்குங்க, தம்பி வந்துட்டான்னா அழிச்சுப்போடலாம்."

எங்கள் டேப்லெட்டில் கோழி முட்டைக்குக்கூடக் கட்டம் உண்டு, பென்சில்தான் கிடையாது.