எலுமிச்சை மணத்த கதிர்

1991 செப்டம்பர் 19, வியாழக்கிழமை. புரட்டாசி பிறந்த வாரம். தென்காசியில் எங்கள் வீட்டின் காலை வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. அம்மா எழுந்து வாளியில் சாணியைக் கரைத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள். அப்பா பின்கட்டில் சவரம் செய்துகொள்வார். புளியங்குடி எலுமிச்சை மண்டியில் அவருக்குக் கணக்கு வேலை. முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் பால் செம்போடு அம்மாவுக்குப் பின்னால் போவேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அன்று கதவைத் திறந்த அம்மா சாணி தெளிக்கவில்லை. வாளியைக் கீழேயும் வைக்கவில்லை. வெளியே நிலையின் மேல் ஆணியில் ஒரு பிடி நெற்கதிர் தொங்கிக்கொண்டிருந்தது.

“மாமா வந்தாச்சு!” என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். தெருவில் கீரைக்காரியைத் தவிர யாரும் இல்லை.

அம்மா பிறந்தது செங்கோட்டைப் பக்கம். முன்னொரு காலத்தில் மலையாளத்து ராஜாவின் ஆளுகையில் இருந்த ஊர். எல்லை மாறியது, வழக்கங்கள் சில மாறவில்லை. கார் நெல் முற்றியதும் முதல் கதிரை அறுத்து, ஆலிலை, அரசிலை, மாவிலையோடு சேர்த்து வீட்டு நிலையில் கட்டுவார்கள். அதற்கு நிறை என்று பெயர். நிறை கட்டும்வரை வயலில் அறுப்பு கிடையாது. புது அரிசி வாயில் படக்கூடாது. முதல் கதிரை அறுக்கும் உரிமை, வயலை விதைத்தவருக்கு மட்டும்தான். அறுத்த அரிவாளை அடுத்த வருஷ நிறைவரை கதிர் கட்டிய வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கும் அவள் தம்பிக்கும் பொதுவான வயலை மாமாதான் பயிரிட்டார். வருஷா வருஷம் கதிரைச் சைக்கிளில் வைத்து, “நிற நிற, பொலி பொலி” என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவார். இலைகளையும் கதிரையும் வைக்கோல் புரியால்தான் கட்டியிருப்பார். அம்மா விளக்கோடு வந்து அவர் காலில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி உள்ளே அழைப்பாள். இந்த வழக்கம் இல்லாத எங்கள் தெருவுக்கு அது வேடிக்கை. “ஏட்டி, ஒம் மாமன் கதிரு கொண்டாரானா, பொண்ணு அழைக்க வாரானா?” என்று எதிர்வீட்டு அத்தை கேட்பாள்.

சீசன் மாதங்களில் மாமா ஐந்தருவியில் பழக்கடை போடுவார். அந்த வருஷம் ஆடியில், ஒரு மத்தியானம், மலையில் பெய்த மழை ஒரேயடியாக இறங்கியது. எல்லோரும் மேடேறிவிட்டார்கள். மாமாவும் ஏறிவிட்டு, மங்குஸ்தான் கூடைகளை எடுக்கத் திரும்பிப் போனார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். பிறகு கூடை கிடைத்தது. மாமா கிடைக்கவில்லை. புனலூர்ச் சந்தையில் அவரைப் போல ஒருவரைப் பார்த்ததாக யாரோ சொன்னது அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. காரியம் எதுவும் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

மாமா விதைத்த நெல் இதையெல்லாம் கவனிக்காமல் விளைந்து நின்றது. அந்த வாரத் தொடக்கத்தில், அறுப்புக்கு ஆள் கூட்டிவரும் அக்கா வீட்டுக்கு வந்தாள்.

“வரப்புல நடந்தாலே மணி கொட்டுது யக்கா. மேக்க மலையெல்லாம் இருட்டிக்கிட்டு வருது. இன்னும் யாருக்குக் காத்துக் கெடக்கீய?”

“வெதச்சவன் வரட்டும்” என்றாள் அம்மா.

அவள் போன பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார். “நா ஒரு பிடி அறுத்துக் கொண்டாந்து கட்டுதேன். ஆகாதா?”

“அப்பம் அவன் இல்லங்கியளா? அத வாயத் தொறந்து சொல்லுங்க பாப்போம்.”

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பின் இருவரும் அதைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இப்போது கதிர் வந்துவிட்டது. அம்மா வாளியை வைத்துவிட்டுக் கதிரை முகத்தருகே இழுத்தாள். முடிச்சைக் கட்டைவிரலால் தடவினாள். வைக்கோல் புரி இல்லை. சாக்குத் தைக்கும் சணல். ஆலும் அரசும் இல்லை. கொல்லை மரத்து மாவிலை மட்டும் இருந்தது. தாள்கள் அறுபட்டவையாக இல்லை, பிய்த்தவையாக இருந்தன. நானும் மோந்து பார்க்க வேண்டும் என்றேன். தூக்கிக் காட்டினாள். எலுமிச்சை வாசம் அடித்தது. புது நெல் இப்படித்தான் மணக்கும் போல என்று எண்ணிக்கொண்டேன்.

அப்பா பாதி முகத்து நுரையோடு வந்து நின்றார். தாடையில் ஒரு கீறல்.

“என்னது?”

“நிறை வந்திருக்கு.”

“வந்துட்டானா?”

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “வந்துட்டுப் போயிருக்கான்.”

உள்ளே போய் விளக்கேற்றி, செம்பில் தண்ணீரும் கொண்டுவந்தாள். யார் காலில் ஊற்றுவது என்பது போல் படியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, “கால்ல நுரை சிந்தியிருக்கு” என்று சொல்லி அப்பாவின் காலில் ஊற்றினாள். காலில் நுரை இல்லை. கணுக்காலில் காய்ந்த சேறுதான் இருந்தது. ராத்திரியில் எப்போது அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சேற்றில் இறங்கினார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று அம்மா சொன்ன சந்தோஷத்தில் இருந்தேன்.

அப்பாவும் மண்டிக்குப் போகவில்லை. நிறைகதிரிலிருந்து சில மணிகளை உருவி, நகத்தால் உமி நீக்கி, பழைய அரிசியோடு சேர்த்து அம்மா பாயசம் வைத்தாள். வெல்லமும் தேங்காய்ப்பாலும் கொதித்த வாசனையில் எலுமிச்சை மறைந்துபோனது. கூடத்தில் நாலு இலை போட்டாள். நாலாவது மாமாவுக்கு என்று நான்தான் சொன்னேன், யாரும் மறுக்கவில்லை.

முதல் கரண்டிப் பாயசத்தை அம்மா அந்த இலையில் வைக்கவில்லை. ஒரு கீற்று இலையில் எடுத்துக்கொண்டு கொல்லைச் சுவரில் வைத்தாள். காக்கையைக் கூப்பிட்டாள். அது வர நேரமானது. அவள் நகராமல் நின்று, குரல் கம்மும்வரை கூப்பிட்டாள்.

“மாமாவுக்கு வைக்காம காக்காக்கு வைக்கியே” என்று நான் சண்டை பிடித்தேன்.

“இன்னைக்கி இப்படித்தாண்டி” என்றாள்.

அப்பா இலையைப் பார்த்துக் குனிந்தபடியே சாப்பிட்டார். பாயசம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னார். வழக்கமாக அவர் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில்லை.

மாமாவின் பங்கை ஒரு கிண்ணத்தில் ஊற்றித் தட்டால் மூடி வைத்தேன். சாயங்காலம் எதிர்வீட்டு அத்தை நிலையில் கதிரைப் பார்த்துவிட்டாள்.

“என்னட்டீ, ஒம் மாமன் இந்த வருசம் கொட்டு மேளமில்லாம வந்துட்டுப் போயிட்டான்?”

“தொண்ட கட்டியிருக்கும். அவ்வளவு தண்ணியில நின்னா கட்டாதா?” என்றேன்.

சிரிக்க வாயெடுத்தவள் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நான் சொன்னதில் என்ன தப்பு என்று தெரியாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கும்போது கிண்ணத்தில் எறும்பு ஏறியிருந்தது.

புது நெல் எலுமிச்சை மணக்கும் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். கல்லூரி விடுதியில் அதைச் சொன்னபோது தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரிக்கத் தொடங்கினேன், பாதியில் நின்றுவிட்டது.

நிறை வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, அம்மா எழுந்ததும் சாணி கரைக்கவில்லை. முதல் வேலையாகத் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, கூரை எறவாணத்தில் செருகியிருந்த மாமாவின் அரிவாளை எடுத்தாள். ஈர முந்தானையால் அதன் தூசியைத் துடைத்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.

“அறுப்புக்காரியக் கூப்பிட்டுக்கிட்டுப் போங்க. மொதப் பிடிய நீங்களே அறுங்க.”

“மாமா வந்து அருவாளக் கேட்டா?” என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சாணியைக் கரைத்து, வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஆடியிலிருந்து தினமும் கதவைத் திறந்ததும் தெருமுனையைப் பார்ப்பவள், அன்று தரையை மட்டும் பார்த்துச் சாணி தெளித்தாள்.