பழப்புளியில் கரைந்த பெயர்

நகரத்துக்குள் இருக்கும் பழைய யூத இடுகாடு ஒன்றில் புல் வெட்டுவது என் வேலை. அங்கே புதிதாக யாரையும் அடக்கம் செய்து பல காலம். பிரச்சினை தராத ஆட்கள் என்று மனைவியிடம் பெருமையடிப்பேன். பிரச்சினையை நானே போத்தலில் கொண்டுபோனேன்.

கோடையில் வாரம் ஒருநாள் ஒரு முதிய யூத அம்மா வருவார். கல்லுக் கல்லாகக் குந்தியிருந்து, எபிரேய எழுத்துகளை வாசித்து நோட்டுப் புத்தகத்தில் பதிவார். பழைய பதிவேடுகள் தொலைந்துவிட்டனவாம். கல்லில் இருப்பதுதான் மிச்சம். மதிலோரம் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன மாபிள் கல், ஒரு குழந்தையுடையது. பாசிக்குள் எழுத்து மங்கலாகத் தெரியும். எழுத்துப் பள்ளத்தில் நிழல் தெரிய, சாய்ந்த வெயில் விழும் நேரம் பார்த்து அடுத்த கிழமை வாசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் கல்லைச் சுத்தமாக்கி அவரை அசத்தலாம் என்று எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. வீட்டில் குத்துவிளக்கை எதால் மினுக்குகிறோம்? பழப்புளியைக் கரைத்துக்கொண்டு போய் ஊற்றி, தேங்காய்த் தும்பால் தேய்தேய் என்று தேய்த்தேன். பாசி போனது. கல் பால்போல வந்தது. எட்டி நின்று ரசித்தபோதுதான் பார்த்தேன், எழுத்தையும் காணவில்லை. விரலால் தடவினால் கல் சீனிபோல உதிர்ந்தது.

சாட்சிக்கு ஆட்கள் இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். நிறையப் பேர் இருந்தார்கள், எழும்பத்தான் இல்லை. மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சரப்பா, கல்லிலை எழுத்து அழிஞ்சு போச்சு."

"என்னத்தைப் போட்டனீங்கள்?"

"பழப்புளி."

"ஐயோ மனுசா! எங்கட குசினி மாபிள் கவுண்டர்டொப்பிலை தேசிக்காய்ப்புளி பட்டு வெளிறினது மறந்து போச்சே? மாபிளுக்கு ஆராவது புளி போடுவினமோ?"

"மழையிலை கரைஞ்சு போச்சு எண்டு சொல்லட்டோ?"

"உந்த விளையாட்டு வேண்டாம். அந்த மனுசிக்கு உள்ளதைச் சொல்லுங்கோ."

அந்தக் கிழமை முழுக்க மனதுக்குள் எனக்கு வேலை போனது, பொலிஸ் வந்தது, பேப்பரில் படம் வந்தது. படத்துக்கு எந்தச் சேட் போடுவது என்பதுவரை யோசித்து முடித்திருந்தேன்.

அவர் வந்ததும் சொன்னேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். வெறுங்கல்லைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, பென்சிலை நீட்டினார்.

"நாலு வருடமாக இதைச் சுற்றிப் புல் வெட்டுகிறீர்களே. எழுத்து எப்படி இருந்தது என்று கீறிக் காட்டுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

நாலு வருடமும் நான் பார்த்தது புல்லைத்தான். மூளையைக் கசக்கியதில், கால் உடைந்த கதிரைபோல ஓர் எழுத்து வந்தது. கீறினேன்.

"எந்த வரியில்?"

தெரியாது.

"தொடக்கத்திலா, முடிவிலா?"

அதுவும் தெரியாது.

நான் கீறியதைத் தன் நோட்டில் அப்படியே எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அந்தக் குழந்தைக்கு இப்போது மிச்சம் அவ்வளவுதான். அதையும் சரியாகத்தான் கீறினேனா என்று எனக்கு நிச்சயமில்லை.